ஞாயிற்றுக்கிழமை மாத்திரையும் சுப்பாராவும்

வட்டக்கானல்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? டால்பின் நோஸ், எக்கோ பாயின்ட், மேகத்துக்கு நடுவுல சுடச்சுட மேகி, செகண்ட் இயர்ல வேன் புக் பண்ணிப் போன டூர். எனக்கு அது அம்மாச்சி ஊர். நீங்க ரீல்ஸ் எடுத்தீங்களே, அந்த டால்பின் நோஸ் பாதை அங்கேயே முடியறதில்லை. அப்படியே வெள்ளகவிக்கு இறங்கி, கீழே கும்பக்கரை வரைக்கும் போகும். அந்தப் பாதையில ஒரு காலத்துல தலையில பூண்டு மூட்டையோட நடந்தவங்க எங்க அம்மாச்சி. இப்போ அவங்களால ஒரு டீ டம்ளரை ஒத்தக் கையால பிடிக்க முடியாது. முடக்குவாதம். ரெண்டு மணிக்கட்டும், விரல் மூட்டுகளும் வீங்கியிருக்கும். காலையில எழுந்தா விரல் மடங்குறதுக்கே ஒரு மணி நேரம் ஆகும். மலைக் குளிருக்கு அப்படித்தான் இருக்கும்னு பல வருஷம் எல்லாரும் சொல்லிட்டு விட்டுட்டாங்க. குளிர் காரணமே இல்லைன்னு டாக்டர் சொன்னது ரொம்ப லேட்டாத்தான்.

அவங்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது ரெண்டு மாத்திரை. ஒண்ணு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மட்டும், வாரத்துக்கு ஒரே தடவை. பேரு மெத்தோட்ரெக்ஸேட். இன்னொண்ணு வேற ஒரு நாள், ஃபோலிக் ஆசிட். ஒரு நாள் எங்க மாமா முதல் மாத்திரையோட பேரை போன்ல தேடிப் பார்த்தார். கேன்சர் மருந்துன்னு வந்துச்சு. அவ்வளவுதான், பட்டையைத் தூக்கி பீரோ மேல வச்சுட்டார். மூணு வாரம் அம்மாச்சி மாத்திரை போடல. வீக்கம் திரும்பி வந்துச்சு. இது எங்க வீட்டுல மட்டும் நடக்கிற கதை இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. உங்க வீட்டுலயும் யாராவது இதே பட்டையை வச்சுக்கிட்டு பயந்துட்டு இருக்கலாம்.

கேன்சர் மருந்தை எதுக்கு மூட்டு வலிக்குக் கொடுக்கறாங்க? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினா நேரா ஒரு மனுஷன்கிட்ட போய் நிக்கும். எல்லாப்ரகட சுப்பாராவ். நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்சவர். அந்த ரெண்டு மாத்திரையுமே அவர் தலைமையில இருந்த ஆராய்ச்சிக் குழு உருவாக்கின மூலக்கூறுகள். அதைவிட ஆச்சரியம் வேற ஒண்ணு இருக்கு. அதைச் சொல்ல அவர் வாழ்க்கையை முதல்ல இருந்து சொல்லணும்.

1895 ஜனவரி 12, பீமாவரத்தில் பிறந்தார். இன்னைக்கு அது ஆந்திரா, அப்போ மதராஸ் மாகாணம். அப்பா வருவாய்த் துறையில வேலை பார்த்தவர், உடம்பு முடியாம சீக்கிரமே வேலையை விட்டவர். வீட்டுல ஏழு பிள்ளைங்க. பணக் கஷ்டம். 13 வயசுல சுப்பாராவ் ஒரு உறவுக்காரப் பையனையும் கூட்டிக்கிட்டு வீட்டை விட்டு ஓடினார். எங்கே? காசிக்கு. எதுக்கு? சாமியாராக இல்லைங்க, யாத்திரை வர்றவங்களுக்கு வாழைப்பழம் வித்து பணக்காரர் ஆக. பாதி வழியிலேயே பிடிச்சுட்டு வந்துட்டாங்க. இன்னைக்கு இருந்திருந்தா ஸ்டார்ட்அப்னு சொல்லியிருப்போம்.

அப்பா இறந்த பிறகு அம்மா வெங்கம்மா நகையை வித்துப் படிக்க வச்சார். படிப்பு ஒண்ணும் பிரமாதமா வரல. மெட்ரிகுலேஷன்ல ரெண்டு தடவை ஃபெயில். மதராஸ் வந்து திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில சேர்ந்து மூணாவது தடவைதான் பாஸ் ஆனார். அரியர் வச்சிருக்கவங்க இந்த வரியை இன்னொரு தடவை படிச்சுக்கலாம். அப்புறம் மாநிலக் கல்லூரி. அங்கே படிக்கும்போது ராமகிருஷ்ண மடத்தின் மேல ஈடுபாடு வந்து, துறவி ஆகிடலாம்னு முடிவு பண்ணினார். அம்மா சம்மதிக்கல. மருத்துவம் படித்தும் சேவை செய்யலாம் என்ற யோசனை மடத்திலிருந்தே வந்தது. அப்படித்தான் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். செலவுக்கு நண்பர்களும் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் உதவினார்கள். பின்னாடி அவருடைய மகள் சேஷகிரியைத்தான் சுப்பாராவ் கல்யாணம் செய்தார்.

அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொல்லி காந்தி அழைப்பு விட்டிருந்த காலம் அது. சுப்பாராவ் ஆபரேஷன் தியேட்டருக்கே கதர் அங்கியில் போனார். அறுவை சிகிச்சைத் துறையின் ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கல. எழுத்துத் தேர்வுகளை நல்லாவே எழுதியிருந்தும் எம்பிபிஎஸ் கிடைக்கல. அதுக்குக் கீழே இருந்த எல்எம்எஸ் சான்றிதழ்தான் கையில் கொடுத்தாங்க. அதை வச்சு மதராஸ் மருத்துவத் துறையில வேலை தேடினார், கிடைக்கல.

இதே காலத்துல வீட்டுல பெரிய இடி. அவருடைய சகோதரர்கள் ரெண்டு பேர், சில நாட்கள் இடைவெளியில், ஸ்ப்ரூ என்ற நோயால் இறந்தார்கள். சாப்பிடறது எதுவும் உடம்புல ஒட்டாது. வயிற்றுப்போக்கு நிக்காது, ரத்தம் வற்றும், ஆள் கரைஞ்சு போவார். காரணம் என்னன்னு அப்போ யாருக்கும் தெரியாது. சுப்பாராவுக்கும் அந்த நோய் வந்தது. டாக்டர் ஆச்சண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார். பிழைத்த கையோடு லட்சுமிபதி மதராஸில் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறியல் சொல்லிக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். ஆங்கில மருத்துவம் படிச்சு, கதர் போட்டதால பட்டம் போய், ஆயுர்வேதக் கல்லூரியில வாத்தியார். ஆனா அவருக்கு வாத்தியார் வேலை பத்தல. இந்த நோய்களுக்கு மருந்து கண்டுபிடிக்கணும், அதுக்கு அமெரிக்கா போகணும்னு ஒரே பிடிவாதம்.

மாமனாரும் காக்கிநாடாவில் இருந்த ஒரு அறக்கட்டளையும் பணம் கொடுக்க, 1922 அக்டோபர் கடைசியில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தாச்சு, ஆனா ஸ்காலர்ஷிப் இல்லை. அங்கே டாக்டராக வேலை பார்க்க இந்த எல்எம்எஸ் போதாது. அதனால ராத்திரியில ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் மலஜலப் பாத்திரம் கழுவும் வேலை பார்த்தார். பகல்ல படிப்பு.

ஊரில் மனைவி சேஷகிரி அப்போ கர்ப்பம். பிறந்த மகன் குழந்தையாகவே இறந்து போனான். அப்பா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. போனவர் திரும்பி வரவும் இல்லை. அடுத்த வருஷம், அதுக்கடுத்த வருஷம்னு 26 வருஷம் போச்சு. அவரைப் பற்றி எழுதறவங்க பெரும்பாலும் இதை ஒரு வரியில் தியாகம்னு சொல்லிட்டுத் தாண்டிடறாங்க. எனக்கு இந்த இடத்துல அவர் மேல கோபம்தான் வருது. தியாகம் பண்ணினது யாரு? இந்தியாவுல காத்திருந்த அந்த அம்மாதான். அவங்க பேரு எந்தப் பாடப் புத்தகத்துலயும் இல்லை.

சரி, ஹார்வர்டுக்கு வருவோம். அங்கே உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். முதல் வேலை, ரத்தத்திலும் திசுவிலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்குன்னு அளக்க ஒரு நல்ல முறை கண்டுபிடிப்பது. 1925ல் வந்த ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை இதுதான். பாஸ்பேட்டோட மாலிப்டேட் சேரும். அதை ஒடுக்கினா நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில் பியர்-லாம்பர்ட் விதி படிச்சீங்கல்ல, அதேதான். நம்ம காலேஜ் பயோடெக் பசங்ககிட்ட கேளுங்க, லேப் மேனுவல்ல இன்னைக்கும் இந்தப் பேரு இருக்கும். ஆனா பாதிப் பேருக்கு சுப்பாராவ் ஒரு தெலுங்குப் பேருன்னு கூடத் தோணியிருக்காது.

அந்த அளவுகோலை கையில வச்சுக்கிட்டு தசையை ஆராய ஆரம்பிச்சாங்க. தசை எங்கிருந்து சக்தி எடுக்குது? அப்போ எல்லாரும் நம்பினது லாக்டிக் அமிலக் கோட்பாடு. ஹில், மேயர்ஹாஃப் ரெண்டு பேருக்கும் 1922ஆம் வருஷத்து நோபல் பரிசு தசை ஆராய்ச்சிக்குத்தான் கிடைச்சிருந்தது. 1927ல் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைத் தசையில் கண்டார்கள். தசை வேலை செய்யும்போது அது உடையுது, ஓய்வெடுக்கும்போது திரும்பச் சேருது. சார்ஜ், டிஸ்சார்ஜ் மாதிரி. லாக்டிக் அமிலக் கோட்பாடு ஆட்டம் கண்டது. 1929ல் அதைவிடப் பெரிசு ஒண்ணு: ஏடிபி. அதே வருஷம் ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாக அதைக் கண்டுபிடித்தார். பிளஸ் ஒன் உயிரியல் புத்தகத்துல மைட்டோகாண்ட்ரியா படத்துக்குப் பக்கத்துல மூணு பாஸ்பேட் வால் தொங்குமே, அந்த ஏடிபிதான். செல்லுக்குள்ள எந்த வேலை நடக்கணும்னாலும் செலவாகிற காசு அது. இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில அம்மாச்சி மணிக்கட்டுக்குள்ள இது திரும்ப வரும்.

1930ல் டாக்டர் பட்டம் கிடைச்சது. நிரந்தர வேலை கிடைக்கல. வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம் மாதிரியே 1940 வரை ஓடுச்சு. அங்கே அவரோட சமகாலத்துல இருந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், 1988ல் நோபல் வாங்கினவர், பின்னாளில் ஒரு விஷயம் சொன்னார்: சுப்பாராவ் பிரிச்செடுத்த சில பொருட்களை ஃபிஸ்க் வெளியில வர விடல, அதனால பல வருஷம் கழிச்சு வேற ஆட்கள் அவற்றைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சுப்பாராவ் இதைப் பற்றி சண்டை போட்ட மாதிரி தெரியல. தன் பேரை முன்னால தள்ளுற ஆள் இல்லை அவர். நல்ல குணம்தான், ஆனா ப்ளேஸ்மென்ட்டுக்கு உதவாத குணம்.

1940ல் நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து கம்பெனிக்குப் போனார். சீக்கிரமே ஆராய்ச்சிப் பிரிவின் இயக்குநர் ஆனார். ஹார்வர்டில் ஒரு மேஜை வச்சிருந்தவர் கையில் இப்போ வேதியியல், நுண்ணுயிரியல், மருத்துவம்னு பெரிய படை. அடுத்த எட்டு வருஷத்தில் அங்கிருந்து வந்தவற்றைச் சும்மா வரிசையா சொன்னாலே மூச்சு வாங்கும். மண்ணில் இருந்த ஒரு பூஞ்சை போன்ற பாக்டீரியாவிலிருந்து பெஞ்சமின் டக்கர் எடுத்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் வகையின் முதல் ஆன்டிபயாடிக். யானைக்கால் நோய்க்கு ஹெட்ராசான். டிஇசி என்ற பேருல நம்ம ஊர்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடா வந்து கொடுத்தது அந்த மருந்துதான். நம்ம கதைக்கு வேண்டியது மூணாவது: ஃபோலிக் அமிலம்.

இதுக்கு ஆரம்பம் பம்பாயில். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1920களின் கடைசியில், அங்கே கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். ரொட்டியில தடவுற மார்மைட், ஈஸ்ட்டிலிருந்து வர்ற பொருள், அதைக் கொடுத்தா ரத்தம் ஊறுச்சு. உள்ளே ஏதோ ஒரு சத்து இருக்கு, என்னன்னு தெரியல. பிறகு கீரையிலிருந்தும் அதே சத்தை எடுத்தாங்க. இலைக்கு லத்தீனில் உள்ள சொல்லிலிருந்து ஃபோலிக்னு பேர் வந்தது. பல கம்பெனிகள் துரத்தின இந்தப் பொருளை 1945ல் ஆய்வகத்திலேயே கட்டி முடித்தது சுப்பாராவின் குழு. சீக்கிரமே அதை ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. ரத்தசோகை மாறுச்சு.

ஸ்ப்ரூ. ரெண்டு சகோதரர்களைக் கொண்டுபோன அதே நோய். கால் நூற்றாண்டு தாமதம்.

அடுத்தது பாஸ்டனில் சிட்னி ஃபார்பர். குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்கூறியல் டாக்டர். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அன்னைக்கு மருந்தே கிடையாது, சில வாரமோ சில மாசமோ, அவ்வளவுதான். ஃபோலிக் அமிலம் சார்ந்த பொருட்களை அந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்தப்போ நோய் வேகமாச்சு. அப்போ அதுக்கு எதிரானதைக் கொடுத்தா? சுப்பாராவின் வேதியியலாளர்கள் ஃபோலிக் அமிலத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். ஒரு ஓஹெச் இருந்த இடத்தில் ஒரு அமினோ தொகுதி. பார்க்க அசல் மாதிரியே இருக்கும் போலிச் சாவி. பூட்டுக்குள்ள போகும், திரும்பாது, வெளியேயும் வராது. வேகமாகப் பெருகும் செல்லுக்கு டிஎன்ஏ கட்ட ஃபோலேட் வேணும்; பூட்டு அடைபட்டா அது நின்னுடும். பேர் அமினாப்டெரின். 1947 டிசம்பரில் ஃபார்பர் அதைக் கொடுக்க ஆரம்பித்தார். 1948 ஜூனில் முடிவு வந்தது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. தற்காலிகமாகத்தான், ஆனா அதுவரைக்கும் அது நடந்ததே இல்லை. அதோட நெருங்கிய தம்பி, இன்னும் ஒரு மெத்தில் தொகுதி சேர்த்தது, அமெதாப்டெரின். இன்னைக்கு மெத்தோட்ரெக்ஸேட்.

அந்தக் கட்டுரை வந்து சுமார் ரெண்டு மாசத்தில், 1948 ஆகஸ்ட்டில், சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்தார். வயசு 53. இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கவே 1946 வரைக்கும் அங்கே சட்டம் இடம் கொடுக்கல. இடம் கொடுத்த பிறகும் அவர் வாங்கல.

இப்போ மூட்டு வலி எங்கே வந்துச்சு? அவர் சாகும்போது இந்த மருந்துக்கும் மூட்டு வலிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 1951ல் நியூயார்க்கில் ரிச்சர்ட் குப்னர் என்பவரும் உடன் இருந்தவர்களும் அமினாப்டெரினை முடக்குவாத நோயாளிகளுக்கும் சோரியாசிஸ் நோயாளிகளுக்கும் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் குறைஞ்சது. ஆனா அப்போ ஊரெல்லாம் கார்ட்டிசோன் பேச்சு. 1950 நோபலே அதுக்குத்தான். படுத்த படுக்கையாக இருந்தவங்க எழுந்து நடந்தாங்கன்னு செய்தி வரும்போது இதை யார் பார்ப்பா? கார்ட்டிசோனின் பக்க விளைவுகள் எலும்பு வரைக்கும் போகுதுன்னு புரிஞ்ச பிறகுதான் சில டாக்டர்கள் மெத்தோட்ரெக்ஸேட்டுக்குத் திரும்பினாங்க. 1985ல் முறையான ஒப்பீட்டுச் சோதனை வந்தது. 1988ல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி. குப்னர் பார்த்து 37 வருஷம் கழிச்சு. இன்னைக்கு உலகம் முழுக்க முடக்குவாதத்துக்குப் பெரும்பாலும் முதல்ல எழுதற மருந்து இதுதான்.

மாமாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் அளவுலதான் இருக்கு. புற்றுநோய்க்குக் கொடுக்கும்போது சில சமயம் கிராம் கணக்குல ஏத்துவாங்க. மூட்டுக்கு வாரம் 7.5லிருந்து 25 மில்லிகிராம். ரெண்டும் ஒரே பேர், ஆனா உடம்புக்குள்ள செய்யற வேலை வேற வேற. அதே சமயம் வாரம் ஒரு தடவைங்கறதை தினம் ஒரு தடவைன்னு மாத்திப் போட்டா அது விஷம். எலும்பு மஜ்ஜை படுத்துடும், உயிரே போகலாம். ரெண்டு மாத்திரையும் சின்னதா மஞ்சளா இருந்து குழப்பும். அதனால எங்க வீட்டுல காலண்டர்ல ஞாயிறு மட்டும் வட்டம் போட்டு வச்சிருக்கோம். கர்ப்பமா இருக்கறவங்க தொடவே கூடாது. ரத்தப் பரிசோதனை, கல்லீரல் பரிசோதனை அப்பப்போ எடுத்துக்கிட்டே இருக்கணும்.

அந்த வேற வேலை என்ன? இங்கேதான் நான் முன்னாடி சொன்ன ஆச்சரியம்.

முடக்குவாதத்துல மூட்டைச் சுற்றியுள்ள சவ்வுக்குள்ள நோய் எதிர்ப்பு செல்கள் கூட்டமா நுழைஞ்சுடுது. மேக்ரோஃபேஜ், டி செல், நியூட்ரோஃபில் எல்லாம். கிருமியே இல்லாத இடத்துல கிருமி இருக்கற மாதிரி சண்டை. அந்தச் சண்டையில அவை கக்குற டிஎன்எஃப், இன்டர்லூக்கின் மாதிரியான புரதங்கள் பக்கத்துல இருக்கற வலி நரம்பு முனைகளை மாத்திடுது. எலக்ட்ரானிக்ஸ் பாஷையில சொன்னா சென்சாரோட த்ரெஷோல்டு இறங்கிடுது. முன்னாடி சூடு பட்டா மட்டும் அடிச்ச அலாரம், இப்போ டம்ளரைத் தொட்டாலே அடிக்கும். சாதாரண வலி மாத்திரை அந்த அலாரத்தோட சத்தத்தைக் கொஞ்ச நேரம் குறைக்கும். சண்டை அப்படியே நடக்கும், மூட்டு அரிச்சுக்கிட்டே போகும்.

சண்டையை நிறுத்த அந்த செல்களுக்கே ஒரு வழி இருக்கு. அதுக்கு ஏடிபி வேணும். செல்லுக்குள்ள ஏடிபி காசுன்னு சொன்னேன். செல் உடைஞ்சு ஏடிபி வெளியே கொட்டினா அதுக்கு அர்த்தமே வேற. இங்கே ஏதோ அடிபட்டிருக்குங்கற அபாய அறிவிப்பு அது. மேக்ரோஃபேஜும் வலி நரம்பும் அதை உணர்ந்து உசுப்பேறும். ஆனா சில நோய் எதிர்ப்பு செல்களின் மேல, குறிப்பா ஒழுங்குபடுத்தும் டி செல்களின் மேல, சிடி39, சிடி73னு ரெண்டு என்சைம் உட்கார்ந்திருக்கும். அவை ஏடிபியின் பாஸ்பேட் வாலை ஒண்ணொண்ணா வெட்டி எடுக்கும். மூணும் போனா மிச்சம் அடினோசின். இது நேர் எதிரான செய்தி. போதும், அடங்குங்கன்னு சொல்ற செய்தி. நியூட்ரோஃபிலும் மேக்ரோஃபேஜும் டி செல்லும் அதைப் பிடிச்சதும் டிஎன்எஃப் கக்குறதைக் குறைக்கும்.

நியூயார்க்கில் புரூஸ் க்ரோன்ஸ்டைனின் குழு 1990களில் காட்டியது இதைத்தான். குறைந்த அளவு மெத்தோட்ரெக்ஸேட் செல்லுக்குள் ஒரு என்சைமைத் தடுக்குது. அதனால ஐக்கார்னு ஒரு இடைப்பொருள் தேங்குது. அது தேங்கினா அடினோசின் அழியறது குறைஞ்சு, வெளியே அடினோசின் கூடுது. நோய் எதிர்ப்பு செல்கள் அடங்குது. இது மட்டும்தான் காரணம்னு எல்லா ஆராய்ச்சியாளர்களும் ஒத்துக்கல, வேற வழிகளும் பேசப்படுது. ஆனா ஒரு நல்ல சாட்சி அம்மாச்சியோட ரெண்டாவது மாத்திரையே. ஃபோலேட்டைத் தடுக்கறதுதான் முழு வேலைன்னா, கூடவே ஃபோலிக் அமிலம் கொடுத்தா மருந்து வீணாகணும். ஆகறதில்லை. வாய்ப்புண், குமட்டல் மாதிரி பக்க விளைவுகள் குறையுது, மூட்டுக்குக் கிடைக்கிற பலன் பெரும்பாலும் அப்படியே இருக்கு.

இப்போ சேர்த்துப் பாருங்க. 1929ல் ஹார்வர்டில் அவர் கண்டுபிடித்தது ஏடிபி. 1940களில் லெடர்லியில் அவர் குழு செய்தது ஃபோலிக் அமிலமும் அதன் எதிரியும். ரெண்டும் வேற வேற ஊர், வேற வேற துறை, நடுவுல சம்பந்தமே இல்லைன்னுதான் அவரும் நினைச்சிருப்பார். ரெண்டும் ஒரு மூட்டுக்குள்ள சந்திக்குது. பாஸ்பேட் வால் வெட்டுப்படுதான்னு லேப்ல அளக்க இன்னைக்கும் பல இடத்துல உபயோகிக்கிற முறைகளில் ஒண்ணு, அந்த 1925 நீல நிறம்.

ஹாஸ்டல்ல ராத்திரி காபி குடிக்கிறவங்களுக்கு ஒரு கொசுறு: காஃபீன் அடைக்கிறதும் இதே அடினோசினோட இருக்கையைத்தான். அதனால காபி குடிச்சா மெத்தோட்ரெக்ஸேட் வேலை குறையுமான்னு சிலர் ஆராய்ஞ்சிருக்காங்க. முடிவுகள் ஒரே மாதிரி வரல. அம்மாச்சி காபியை நிறுத்தச் சொல்லி நான் கேட்கப் போறதில்லை.

இன்னொண்ணு, இந்த மருந்து உடனே வேலை செய்யாது. 6லிருந்து 12 வாரம் ஆகும். பொறுமை இல்லாம நாலாவது வாரத்துல நிறுத்தறவங்கதான் அதிகம் ஏமாறுறாங்க. வேலை செய்யாதவங்களும் இருக்காங்க. அவங்களுக்கு டிஎன்எஃபை நேரடியாத் தடுக்கிற ஊசி மருந்துகள் இருக்கு, விலைதான் கட்டுப்படியாகாது.

நோய் எதிர்ப்பு செல்னா வலியைக் கிளப்புறது மட்டும்தான் வேலைன்னு ரொம்ப நாள் ஒரு எண்ணம் இருந்தது. 2022ல் நெதர்லாந்தின் யூட்ரெக்ட்டிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. எலிகளுக்கு அழற்சி வலி உண்டாக்கிப் பார்த்தாங்க. சாதாரணமா சில நாள்ல வலி தானே தீரும். மேக்ரோஃபேஜ்களை நீக்கிட்டா தீரல, நீடிச்சது. காரணம் தேடினப்போ, மேக்ரோஃபேஜ்கள் முதுகுத்தண்டுக்குப் பக்கத்துல இருக்கற வலி நரம்பு செல்களைத் தேடிப் போய் தங்களோட மைட்டோகாண்ட்ரியாவையே கொடுத்துட்டு வர்றது தெரிஞ்சது. அழற்சியில சக்தி இழந்த நரம்பு செல், கிடைச்ச மைட்டோகாண்ட்ரியாவை வச்சு மீளுது, வலி அடங்குது. மைட்டோகாண்ட்ரியா அங்கே போய் என்ன செய்யும்னு உங்களுக்குத் தெரியும். ஏடிபி தயாரிக்கும்.